சாயங்காலம் சோதித்துப் பார்த்து வாங்குங்கள்

கடைக்குள் எந்த கேமராவும் நல்ல கேமராதான். மேலே வரிசையாக எல்.இ.டி. விளக்குகள், எதிரே அசையாமல் நிற்கும் விற்பனையாளர். அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தை கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதே கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில் படம் எடுத்துப் பாருங்கள். விலை குறைந்த, சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் கேமராக்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அங்கேதான் வெளியே வரும். என் அண்ணன் மகளுக்காக ஒரு கேமரா தேடிக் கற்றுக்கொண்டதில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மயிலாப்பூரில் வீடு. கோலம், பூக்காரம்மாவின் கை, தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கும் புறா என்று எதைப் பார்த்தாலும் படம் எடுக்கத் தோன்றும் வயது. பத்தாம் வகுப்பு முடியும்வரை தனியாக செல்போன் கிடையாது என்று அண்ணி முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அதில் உடன்பாடுதான். "நெட் எல்லாம் வேண்டாம் அத்தை, படம் மட்டும் எடுத்தா போதும்" என்று அவளே கேட்டாள். கையில் இருந்தது பத்தாயிரம் ரூபாய்.

இந்த விலையில் கேமரா வாங்க நினைப்பவர்களிடம் ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரவில், வெளிச்சம் குறைந்த இடத்தில், இன்றைய நடுத்தர விலை செல்போன் இந்த கேமராக்களைவிட நன்றாகவே படம் எடுக்கும். விலை குறைந்த காம்பாக்ட்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு. அங்குலம் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் உண்மையான அளவு சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. லென்ஸைக் கழற்றி மாட்டும் ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு இதைப்போல ஏறக்குறைய 13 மடங்கு. செல்போனிலும் சென்சார் சின்னதுதான், ஆனால் அது ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, மணல் மணலாகத் தெரியும் 'இரைச்சலை'க் குறைத்துவிடுகிறது. பழைய காம்பாக்டில் அந்த வித்தை இல்லை.

அப்படியானால் எதற்கு வாங்குவது? லென்ஸே நகர்ந்து தூரத்தில் இருப்பதை அருகே கொண்டுவரும் ஆப்டிகல் ஜூம் இருக்கிறது. சின்ன அறையைப் பளிச்சென்று நிரப்பும் நிஜமான ஃப்ளாஷ் இருக்கிறது. கையில் மாட்ட வார் இருக்கிறது. படம் எடுக்கும்போது நடுவில் எந்த அறிவிப்பும் வந்து மணி அடிக்காது. பதினாலு வயதுப் பிள்ளைக்குக் கடைசிக் காரணம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று நினைக்கிறேன். ஒரு பொருளை நின்று நிதானமாகப் பார்க்கும் பழக்கம் அதில் வருகிறது.

தேட ஆரம்பித்ததும் கண்ணில் பட்டவை பெயர் தெரியாத பிராண்டுகள். 48 மெகாபிக்சல், 56 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16எக்ஸ் ஜூம், விலை நாலாயிரம், ஐந்தாயிரம். அண்ணனுக்கு உடனே ஆசை வந்துவிட்டது. விவரத்தை முழுக்கப் படித்தால் அந்த 16எக்ஸ் 'டிஜிட்டல் ஜூம்' என்று இருக்கும். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது. படம் எடுத்தபிறகு கம்ப்யூட்டரில் நாமே செய்துகொள்ளலாம். இந்த வகை கேமராக்கள் பலவற்றில் சென்சார் உண்மையில் பிடிப்பது குறைந்த மெகாபிக்சல்தான், மீதியை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. அடையாளம் காண்பது சுலபம். ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீண்டு வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஃப்ளாஷ் இருக்கும் இடத்தில் செனான் குழாய் இருக்கிறதா, இல்லை செல்போன் டார்ச் போல மஞ்சள் புள்ளியுடன் எல்.இ.டி. இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆப்டிகல் ஜூம்' என்ற சொல் விவரத்தில் எங்குமே இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

மெகாபிக்சல் பற்றி அண்ணனுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1200க்கு 1800 புள்ளி போதும். பெருக்கினால் 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். ஏ4 தாள் முழுக்க அடித்தாலும் 9 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும். அதனால் 12, 16, 20 என்ற எண்களுக்கு நடுவில் நின்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியில், பிறர் பயன்படுத்திய பழைய கேமராக்களில் இரண்டு மிஞ்சின: கேனன் இக்சஸ் 185, இக்சஸ் 190. இரண்டும் 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்டவை. இரண்டிலும் 20 மெகாபிக்சல் சிசிடி என்ற பழைய வகை சென்சார், 2.7 அங்குலத் திரை, ஒரே வகை பேட்டரி. வீடியோ 720பி அளவில்தான், அதற்காக யாரும் இவற்றை வாங்க வேண்டாம். பார்ப்பதற்கும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். வித்தியாசம் லென்ஸில். 185இல் 8 மடங்கு ஜூம், 28இலிருந்து 224 மில்லிமீட்டர் வரை. 190இல் 10 மடங்கு, 24இலிருந்து 240 வரை. கூடவே 190இல் வைஃபை உண்டு. கை நடுக்கத்தை லென்ஸே ஈடுகட்டும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனும் உண்டு. 185இல் அது டிஜிட்டல் முறையில் மட்டும்.

எத்தனை மடங்கு என்பதைவிட எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். மில்லிமீட்டர் எண் குறைந்தால் படத்தில் அடங்கும் அகலம் கூடும். சென்னை ஃப்ளாட்டின் கூடத்தில் பிறந்தநாள் கேக்கைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கும்போது, பின்னால் நகர இடமில்லாமல் முதுகு சுவரில் இடிக்கும். 28 மில்லிமீட்டரில் ஓரத்தில் நிற்கும் பெரியப்பா வெளியே போய்விடுவார், 24இல் உள்ளே வந்துவிடுவார். வீட்டு விசேஷங்களுக்கு அந்த நாலு மில்லிமீட்டர் மிகவும் உதவும்.

ஜூமின் மறுமுனையில் இருக்கும் விஷயத்தை விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் 3.0 - 6.9 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதன் கணக்கு அது. எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். 190இல் ஜூம் செய்யாதபோது எஃப் 3.0, முழுக்க ஜூம் செய்தால் எஃப் 6.9. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்ததும் கேமரா இரண்டில் ஒன்றைச் செய்யும். ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்தால் கை நடுக்கம் படத்தில் விழும். சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் மணல் தூவியதாக ஆகும். பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே செய்யும்.

240 மில்லிமீட்டரில் கையில் பிடித்து எடுக்கும்போது நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வேண்டும் என்பது பழைய ஃபிலிம் காலத்திலிருந்து வரும் கணக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் இந்தச் சின்ன சென்சாருக்கு அந்த வேகம் கிடைக்காது. ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

இதெல்லாம் காகிதத்தில் படித்தது. நேரில் பார்த்துவிடலாம் என்று உடன் வேலை பார்க்கும் தோழியிடம் இருந்த 185ஐ இரவல் வாங்கினேன். 190 ஒன்று ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் விற்பனைக்கு இருந்தது. "சார், சாயங்காலம் வரலாமா, விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று கேட்டேன். தாராளமாக வாருங்கள் என்றார், காபியும் கொடுத்தார். இரண்டு வீட்டிலும் ஒரே சோதனை. சுவரில் மாட்டிய தினசரி காலண்டர்தான் அதற்குக் கருவி. பெரிய தேதி, அதன் கீழே நட்சத்திரம், அதற்கும் கீழே பொடி எழுத்தில் ராகு காலம், எமகண்டம், குளிகை. கூடத்தின் மறுகோடியில் நின்று, ஃப்ளாஷை அணைத்துவிட்டு, முழு ஜூமில் அந்தக் காலண்டரைத் தொடர்ந்து பல படங்கள் எடுக்க வேண்டும். ஒரே ஒரு படம் எடுத்து முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடுங்காது.

நமக்குச் சொந்தமான மெமரி கார்டைக் கொண்டுபோய்ப் போட்டு எடுப்பது முக்கியம். கேமராவின் திரையில் இருப்பது 2 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான், அதில் எல்லாமே கூர்மையாகத் தெரியும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும். 185இல் எடுத்தவற்றில் தேதியும் நட்சத்திரமும் தெளிவு, ராகு கால வரி பெரும்பாலான படங்களில் இழுத்துக்கொண்டு போயிருந்தது. முழங்கையை மேசையில் ஊன்றி எடுத்தவை நன்றாக வந்திருந்தன. 190இல் நின்றுகொண்டு எடுத்தவற்றிலேயே பாதிக்கு மேல் ராகு காலத்தைப் படிக்க முடிந்தது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் 190 என்று முடிவு செய்தேன்.

ஆனால் ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். எதிரே இருப்பவர் அசைந்தால் அது ஒன்றும் செய்யாது. கூடத்தில் ஓடும் குழந்தைக்கு ஃப்ளாஷ்தான் மருந்து.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். செய்தித்தாளின் ஒரு முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி நேராக நின்று படம் எடுங்கள். நாலு மூலையும் லேசாக மங்கினால் பரவாயில்லை, விலை குறைந்த லென்ஸின் இயல்பு அது. ஒரே ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் கோணலாகியிருக்கிறது, கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அடுத்து, வெறும் வெள்ளைச் சுவரை முழு ஜூமில் எடுங்கள். சாம்பல் நிறத்தில் வட்டமான கறை தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. காம்பாக்ட் கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் அதைத் துடைக்க முழு கேமராவையும் பிரிக்க வேண்டிவரும், அந்தச் செலவுக்கு இன்னொரு கேமரா பார்த்துவிடலாம். லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் கிளை விட்ட மெல்லிய இழைகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அது பூஞ்சை. சென்னையின் ஈரக் காற்றில் வருஷக்கணக்காக பீரோவுக்குள் கிடந்த கேமராவில் இதை நிறையப் பார்க்கலாம்.

ஆன், ஆஃப் என்று பலமுறை செய்து லென்ஸ் உள்ளே போய் வரும் சத்தத்தைக் கேளுங்கள். நறநறவென்று அரைத்தால் பல்சக்கரத்தில் மணல் இருக்கிறது, பெரும்பாலும் பீச் மணல். பேட்டரியைக் கண்ணாடி மேசைமேல் படுக்கவைத்து விரலால் சுழற்றினால் அது சுழலக் கூடாது. சுழன்றால் நடுவில் உப்பியிருக்கிறது, வேறு பேட்டரி வாங்க வேண்டும். இக்சஸ் 185, 190 இரண்டுக்கும் என்பி-11எல் வகைப் பேட்டரி. கேனனின் பல சின்ன மாடல்களுக்கும் இதுவே பொது என்பதால் மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைத்துவிடும். யாரோ கொடுத்த பழைய கேமராவுக்குப் பேட்டரியும் சார்ஜரும் கிடைக்கவில்லை என்றால் அது எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தும் பயனில்லை. மெமரி கார்டிலும் இதே கதைதான். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்கள் பலவற்றில் எக்ஸ்டி கார்டும், பழைய சோனியில் மெமரி ஸ்டிக்கும் போட வேண்டும். எஸ்டி கார்டு போடுகிறதுதானே என்று 2006க்கு முந்தைய கேமராவை வாங்கினால், அதில் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு வேலை செய்யாது. 4 ஜிபியிலிருந்து 32 ஜிபி வரையான எஸ்டிஎச்சி வகை அதற்குப் பிறகுதான் வந்தது.

கேமரா அவள் கைக்குப் போனதும் ஆட்டோ மோடில் விட்டு இஷ்டப்படி எடுக்கச் சொன்னேன். சில வாரம் போனதும் அரை அழுத்தம் சொல்லிக் கொடுத்தேன். இந்த வகை கேமராக்களில் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும், பீப் சத்தமும் பச்சைக் கட்டமும் வரும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்து, சரியான நொடியில் மீதியை அழுத்த வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே புறா பறந்துவிடும். "இந்த கேமரா ஸ்லோ" என்று பலர் இவற்றை ஓரம் கட்டுவதற்கு இந்தப் பழக்கம் இல்லாததே காரணம். இப்போது அவள் புறா எந்தப் படியிலிருந்து கிளம்பும் என்று முன்கூட்டியே ஊகித்துக் காத்திருக்கிறாள். செல்போனில் இந்தப் பொறுமை வந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

ஃப்ளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைப் பங்குனிப் பெருவிழாவில் பார்த்துக் கற்றாள். கபாலீஸ்வரர் கோயிலின் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் நிற்க இடம் இருக்காது. நாயன்மார்கள் சின்னச் சின்னப் பல்லக்குகளில் வரும் பிற்பகல் வெளிச்சத்தில் இந்தக் குட்டி கேமரா அருமையாக எடுத்தது. வெயிலில் ஐஎஸ்ஓ 100இல் சிசிடி தரும் மஞ்சளும் சிவப்பும் எனக்கு மிகவும் பிடிக்கும். பட்டும் சாமந்தியும் அப்படியே நிற்கின்றன. விளக்கு வைத்த பிறகு கேமரா தானாக ஃப்ளாஷ் அடிக்க ஆரம்பித்தது. இந்த ஃப்ளாஷ் எட்டுவது சுமார் மூன்று மீட்டர்தான். முன்னால் நிற்பவர்களின் பின்னந்தலை வெள்ளையாக வெளுத்து, அதற்கு அப்பால் சுவாமி இருட்டில் போய்விடுவார். கூட்டத்தில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஜூமைக் குறைத்து, கம்பத்திலோ திண்ணையிலோ சாய்ந்து நின்று எடுக்கச் சொன்னேன். சுவாமி சின்னதாகத் தெரிந்தாலும் விளக்கும் கூட்டமும் சேர்ந்து படத்தில் இருக்கும்.

பிரகாசத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு இந்த கேமராவில் இருக்கிறது. திரையில் பிளஸ், மைனஸ் குறியோடு வரும். இதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தொடுவதே இல்லை, நம் ஊருக்கோ அது மிகவும் வேண்டும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது கேமராவின் சுபாவம். கருங்கல் தூணில் உள்ள சிற்பத்தை எடுத்தால் கல் வெளுத்துச் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். மைனஸ் பக்கம் இரண்டு தட்டு தட்டினால் கருமை திரும்பிவரும். சுண்ணாம்பு அடித்த சுவர் பின்னால் இருந்தால் எதிரே நிற்கும் ஆளின் முகம் இருண்டுபோகும், அதற்குப் பிளஸ். மார்கழியில் சாணம் தெளித்த தரையில் வெள்ளைக் கோலம் என்றால் தரையின் நிறம் காப்பாற்றப்பட மைனஸ் வேண்டும். அதிகாலை வெளிச்சம் போதாது, ஆறே முக்கால் வாக்கில் வானம் வெளுத்த பிறகு எடுத்தால் கோலப்பொடியின் கூர்மையும் சேர்ந்து கிடைக்கிறது. அருகே போய் எடுக்கும் மேக்ரோவில் ஓரிரு சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், ஜூம் செய்யாமல் இருக்க வேண்டும். அவள் இதுவரை எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அப்படி எடுத்த ஒரு பூசணிப்பூ.

செலவுக் கணக்கில் கேமரா விலையோடு நிறுத்தக் கூடாது. ஒரு முழு சார்ஜுக்குச் சுமார் 200 படங்கள் என்று நிறுவனமே சொல்கிறது, அதனால் இரண்டாவது பேட்டரி வேண்டும். 16 ஜிபி கார்டு தாராளமாகப் போதும், இரண்டாயிரம் படம் கொள்ளும். ஒரு கார்டு ரீடர். ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் ஒரு டப்பா. தோல் உறையில் போட்டு பீரோவில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். கொடுப்பதற்கு முன்பே தேதியும் நேரமும் சரியாக வைத்துவிடுங்கள். பின்னாளில் எந்தப் படம் எந்தப் பங்குனியில் எடுத்தது என்று பார்க்க அதுதான் வழி.

இன்று யாராவது என்னிடம் கேட்டால், நல்ல நிலையில் 190 கிடைத்தால் அதை வாங்கச் சொல்வேன். 185 மட்டும்தான் கிடைக்கிறது, விலையும் நன்றாகக் குறைவு என்றால், பகலில் வெளியே எடுக்கும் பிள்ளைக்குத் தயங்காமல் வாங்கலாம். இன்னும் கொஞ்சம் பணம் போட முடிந்தவர்கள் 2016இல் வந்த இக்சஸ் 285 எச்எஸ் பார்க்கலாம். 25இலிருந்து 300 மில்லிமீட்டர் வரை ஜூம், ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன், முழு எச்டி வீடியோ. 2025இல் கேனன் இதையே சின்ன மாற்றங்களோடு மறுபடியும் கொண்டுவந்தது. புதியதில் மைக்ரோ எஸ்டி கார்டு மட்டுமே போடலாம், பழையதில் வழக்கமான எஸ்டி. வாங்குவதற்கு முன் அடிப்பக்கத்து மூடியைத் திறந்து எந்த வகை என்று பார்த்துக்கொண்டு கார்டு வாங்குங்கள்.